துப்பாக்கி வடிவமைப்பில் அழகும் பயன்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய துப்பாக்கிகளை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்களும், சேகரிப்பவர்களும், போர்க்கருவி வரலாறு படிப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. வடிவம், மரம், உலோகப்பூச்சு, செதுக்கு வேலை ஆகியவை பற்றி மட்டுமே இங்கே பேசுகிறோம்.

அழகான துப்பாக்கி வேறு, பயன்படும் துப்பாக்கி வேறு என்பது சரியா?

பாதி சரி. துப்பாக்கியில் அழகு என்று நாம் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மேற்பூச்சு: பளபளப்பு, செதுக்கிய பூவேலை, தங்க இழை. இன்னொன்று உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் விதம், கையில் எடுத்ததும் தெரியும் எடைச் சமநிலை, தோளில் ஊன்றும் மரக்கட்டையில் ஓடும் மரரேகை. இவை பார்க்க அழகாக இருப்பதே அங்கே ஒரு வேலை ஒழுங்காக நடந்திருப்பதால்தான்.

செலவைக் குறைக்க உட்காரும் தொழிற்சாலை முதல் வகையைக் கழித்தால் பெரும்பாலும் ஒன்றும் கெடுவதில்லை. இரண்டாவது வகையில் கை வைத்தால் துப்பாக்கி கெடும். எது எந்த வகை என்று பிரித்தறிவதில்தான் பல தொழிற்சாலைகள் தவறின. கீழே வரும் உதாரணங்களில் சில அந்தத் தவறைப் பற்றியவைதான்.

லூகர் பி08 உலகின் அழகான பிஸ்டல்களில் ஒன்று என்கிறார்கள். பிறகு ஏன் ஜெர்மன் ராணுவம் அதைக் கைவிட்டது?

ஹியூகோ போர்ஷார்ட் 1893இல் செய்த பருமனான பிஸ்டலை எடுத்து, அதைக் கைக்கு அடங்கும்படி மாற்றியவர் கியார்க் லூகர். சுவிட்சர்லாந்து 1900இல் ஏற்றது, ஜெர்மன் கடற்படை 1904இல், தரைப்படை 1908இல். பி08 என்ற பெயரில் இருக்கும் எண் அந்த 1908தான்.

அதன் அழகு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, சரிந்த கைப்பிடி. சுட்டுவிரலை நீட்டுவது போலக் கையை நீட்டினால் குழல் இயல்பாக இலக்கை நோக்கும். இரண்டாவது, மேலே இருக்கும் மூட்டு. சுட்டதும் குழலும் மூட்டும் சேர்ந்து சிறிது தூரம் பின்னுக்கு வரும்; அங்கே சட்டத்தில் உள்ள சரிவில் மூட்டின் குமிழ்கள் மோத, முழங்கால் மடங்குவது போல அது மேல்நோக்கி மடங்கும். வெளியே தெரியும்படி இயங்கும் கடிகாரம் போன்றது. 1930களின் நடுப்பகுதி வரை விசை (சுட இழுக்கும் டிரிகர்) போன்ற சிறு உறுப்புகளைச் சூடேற்றி வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்து, கருநீல உடலின் மேல் பொருத்தினார்கள்.

சிக்கலும் அந்த மூட்டிலேயே இருந்தது. அது முழுமையாக மடங்கி விரியத் தோட்டாவின் வலு குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். வலுக்குறைந்த தோட்டா போட்டால் மூட்டு பாதியில் திரும்பிவிடும். பழைய வெற்றுக்கூடு மாட்டிக்கொள்ளும். விசையின் அசைவைக் கடத்தும் நீண்ட தகடு இடப்பக்கம் வெளியே கிடப்பதால் சேறும் மணலும் எளிதில் புகும். ஒவ்வொரு உறுப்பையும் அந்தந்தப் பிஸ்டலுக்கென்று அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். அதனால்தான் சிறு உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு லூகர்களின் உறுப்புகளைக் கலந்துவிட்டால் இரண்டுமே சரியாக ஓடாமல் போக வாய்ப்புண்டு.

1938இல் ஏற்கப்பட்ட வால்தர் பி38இல் மூட்டு கிடையாது; குழலுக்கு அடியில் இறங்கி ஏறும் ஒரு பூட்டுக்கட்டி மட்டும். மவுசர் தொழிற்சாலை 1942இல் ராணுவத்துக்கு லூகர் செய்வதை நிறுத்தியது. போரின் கடைசியில் செய்த பி38களின் வெளிப்புறத்தில் மில்லிங் வெட்டுத்தடம் வரிவரியாக அப்படியே நிற்கும். சாணை பிடிக்கக்கூட நேரம் ஒதுக்கவில்லை. உள்ளே உரசும் பரப்புகளில் மட்டும் தேவையான நயம் இருக்கும். செலவை எங்கே குறைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை அது. பி38 போருக்குப் பின் 1957இல் மேற்கு ஜெர்மன் ராணுவத்துக்குத் திரும்பி வந்தது; 1963இல் பி1 என்று பெயர் மாறியது.

தாம்சன் சப்மெஷின் கன் இருக்க, அமெரிக்கா ஏன் "கிரீஸ் கன்" செய்தது?

பணம், நேரம், இயந்திரம் மூன்றும்தான். 1921 மாடல் தாம்சனை கோல்ட் நிறுவனம் 15,000 எண்ணிக்கையில் செய்து கொடுத்தது. விலை 200 டாலர் அளவில் இருந்தது. குழலைச் சுற்றிக் கடைந்தெடுத்த வளையத் துடுப்புகள், வால்நட் மரத்தில் முன்கைப்பிடி, குழல் முனையில் பிற்பாடு சேர்ந்த துளையிட்ட தடுப்பு, உள்ளே பிளிஷ் பூட்டு எனப்படும் வெண்கலத் துண்டு என்று அத்தனையும் லேத்திலும் மில்லிங்கிலும் மணிக்கணக்கில் செய்ய வேண்டியவை.

போர் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார்கள். வெண்கலத் துண்டை எடுத்தார்கள். துப்பாக்கி முன்போலவே சுட்டது. துடுப்புகளை எடுத்தார்கள், பெரிய மாற்றம் இல்லை. முனைத் தடுப்பும் போயிற்று. 1942இல் வந்த எம்1, எம்1ஏ1 மாடல்கள் இப்படிப் பிறந்தவை. 1944 வாக்கில் விலை 45 டாலர் அளவுக்கு இறங்கியது.

அப்போதும் அது கனத்த எஃகுக் கட்டியிலிருந்து குடைந்தெடுத்த பொருள்தான். 1942 டிசம்பரில் ஏற்கப்பட்ட எம்3தான் கிரீஸ் கன்; அதன் உடல், பிரஸ்ஸில் அழுத்திய இரண்டு தகட்டுப் பாதிகளைச் சேர்த்து வெல்டிங் செய்தது. செய்தவர்கள் ஜெனரல் மோட்டார்ஸின் கைட் லாம்ப் பிரிவினர். கார் முகப்பு விளக்குக்குத் தகடு அழுத்திப் பழகியவர்கள். விலை 20 டாலர் அளவு. பார்க்க வண்டிப் பட்டறையில் கிரீஸ் அடிக்கும் கருவி போல இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்த எளிமைக்குள் நல்ல யோசனைகள் இருந்தன. உள்ளே போல்ட் (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி முன்னும் பின்னும் ஓடும் கட்டி) உடல் சுவரில் உரசாமல் இரண்டு கம்பிகளின் மேல் ஓடும். சுற்றிலும் இடைவெளி இருப்பதால் மண் புகுந்தாலும் சிக்காது. வெற்றுக்கூடு வெளியேறும் வாயின் மூடியே பாதுகாப்புப் பூட்டு; மூடினால் அதன் முனை போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். சறுக்கிய இடம் போல்ட்டை இழுக்கும் சுழல்கைப்பிடி. அது அடிக்கடி உடைந்தது. 1944 டிசம்பரில் வந்த எம்3ஏ1இல் கைப்பிடியையே எடுத்துவிட்டு, போல்ட்டில் விரல் நுழையும் ஒரு குழியைப் போட்டார்கள். உடைந்த உறுப்புக்கு வலுவான மாற்று செய்வதை விட, அந்த உறுப்பே வேண்டாம் என்ற முடிவு. துப்பாக்கி வடிவமைப்பில் இதைவிடத் தெளிவான பாடம் குறைவு. அமெரிக்க டாங்கிப் படையினரிடம் இது 1990கள் வரை இருந்தது.

பிரிட்டனின் ஸ்டென்னில் பிறகு ஏன் மரக்கட்டை வந்தது?

ஸ்டென் என்ற சப்மெஷின் கன் 1941இல் அவசரத்தில் பிறந்தது. மார்க் 2 வெறும் குழாய், ஒரு கம்பிக்கட்டை, சில வெல்டிங். மார்க் 3ஐச் செய்தது லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைத் தொழிற்சாலை. வீரர்கள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். ஒழுகும் குழாயை அடைக்க வந்தவர் விட்டுச்சென்ற சாமான் போல இருந்தது. 1944இல் வந்த மார்க் 5இல் மரக்கட்டை, மரக் கைப்பிடி, ரைஃபிளின் முன்காட்டி, துப்பாக்கிமுனைக் கத்தி மாட்டும் இடம் எல்லாம் சேர்த்து வான்குடை வீரர்களுக்குக் கொடுத்தார்கள். இயங்கும் உறுப்புகளில் மாற்றமில்லை.

தோளுக்கு நல்ல பிடிமானம் கிடைத்தது என்பது உண்மையான பயன். கையில் இருப்பது முறையான ஆயுதம் என்ற நம்பிக்கை கிடைத்ததும் பயன்தான்; தன் துப்பாக்கியை நம்பாதவர் அதைத் துடைத்து வைக்கவும் மாட்டார். ஆனால் ஸ்டென்னின் உண்மையான நோய் தோட்டா அடுக்கும் பெட்டியான மேகசினில் இருந்தது. இரண்டு வரிசையில் அடுக்கிய தோட்டாக்கள் வாயில் ஒற்றை வரிசையாகச் சேர வேண்டும். அந்த நெரிசலில் சிக்கும். வாய்த்தகடு சற்று நெளிந்தாலே போதும். 32 தோட்டா கொள்ளும் மேகசினில் அனுபவமுள்ளவர்கள் 28 முதல் 30 வரைதான் போட்டார்கள். மேகசினைப் பிடித்துக்கொண்டு சுடும் பழக்கமும் அது மாட்டும் கூட்டை ஆட்டித் தளர்த்தியது. மரக்கட்டை இதில் எதையும் தீர்க்கவில்லை.

அப்படியானால் அழகில்லாத துப்பாக்கி என்றால் உறுதியானது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பிரான்சின் ஷோஷா இலகு இயந்திரத் துப்பாக்கி (1915) எளிய குழாயும் தகடும் கொண்டு மலிவாகச் செய்தது. அரைநிலா வடிவ மேகசினில் எத்தனை தோட்டா மிச்சம் என்று பார்க்க ஒரு பக்கத்தைத் திறந்தே விட்டார்கள். பதுங்குகுழிச் சேறு அந்த வழியாகவே உள்ளே போனது. மெல்லிய தகடு நெளிந்து தோட்டா சிக்கவும் செய்தது. தோற்றமும் இல்லை, உழைப்பும் இல்லை.

ஏகே-47 பற்றிய பொதுவான நம்பிக்கையும் முழு உண்மையல்ல. 1949இல் ஏற்கப்பட்ட முதல் வகையின் உடல் தகட்டில் அழுத்தியதுதான். அழுத்தும்போதும் ரிவிட் அடிக்கும்போதும் கோணிக்கொண்டதால் ஏராளமானவை கழிவாகின. அதனால் சில ஆண்டுகள் கனத்த எஃகைக் குடைந்து செய்தார்கள். தகட்டு வேலை கைவந்த பிறகு, 1959இல் ஏகேஎம் வந்தது: 1 மில்லிமீட்டர் தகடு, முதல் குடைந்த வகையோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குறைவு. ஏகேஎம்மின் மேல்மூடியில் ஓடும் மேடுகள் அலங்காரமாகத் தெரிந்தாலும் மெல்லிய தகட்டுக்கு விறைப்பு கொடுக்கவே அவை இருக்கின்றன. மேகசினுக்கு மேலே பக்கவாட்டில் தெரியும் சிறு குழிவு, மேகசின் ஆடாமல் பிடிப்பதற்கு. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்யப்படும் திருச்சி அசால்ட் ரைஃபிளும் இந்த ஏகே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

அமெரிக்காவின் எம்16 ரைஃபிளில் நடந்தது இதற்கு நேர் எதிர். பிளாஸ்டிக் கட்டையைப் பார்த்து வியட்நாமில் வீரர்கள் பொம்மை என்றார்கள். பிளாஸ்டிக்கில் கோளாறு இல்லை. தோட்டா உட்காரும் அறைக்குக் குரோமியம் பூசாதது, வெடிமருந்து வகையை மாற்றியது, துடைக்கும் சாமான் போதாமல் அனுப்பியது ஆகியவைதான் வெற்றுக்கூடு சிக்கக் காரணம். 1967இல் அறைக்குக் குரோமியம் வந்தது. தோற்றம் அப்படியே இருந்தது. கண்ணுக்குப் பிடிக்காத இடத்தில் குறை தேடுவது வழக்கம். குறை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும்.

வால்நட் கட்டையில் எதைப் பார்த்து நல்லது என்று சொல்வது?

ரேகை எங்கே எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். கட்டையில் மிக ஒல்லியான இடம், கை பற்றும் கழுத்து. சுடும்போது பின்னுதைப்பு முழுவதும் அந்த வழியாகத்தான் தோளுக்கு வரும். அங்கே ரேகை கழுத்தின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். குறுக்காகவோ சுழித்தோ ஓடினால் என்றாவது ஒருநாள் அங்கேதான் உடையும். தோளில் படும் பின்பகுதியில் தடிமன் அதிகம். சுழியும் புகைவரியும் அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம். "கழுத்தில் நேர்ரேகை, பின்னே சுழிரேகை" என்பதைத் தேடித்தான் கட்டைக்காரர்கள் மரத்தின் அடிப்பகுதியில், வேரும் தண்டும் சேரும் இடத்தில் பலகை அறுப்பார்கள். காஷ்மீரில் வளரும் அக்ரூட்டும் ஐரோப்பியத் துப்பாக்கிகளில் வரும் வால்நட்டும் ஒரே இனம்.

அறுத்த பலகையை அவசரப்பட்டுக் கடையக் கூடாது. ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பது நிழலில் உலர்த்தும் பழைய கணக்கு. ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் வராத மரத்தில் இரும்பைப் பொருத்தினால், பிறகு மரம் சுருங்கி இரும்பைச் சுற்றி இடைவெளி விழும்; அல்லது முறுக்கிக்கொண்டு குழலை ஒரு பக்கம் தள்ளும். குழல் சாய்ந்தால் குறியும் சாயும்.

குழலுக்குப் பின்னே கட்டையில் பதியும் இரும்பின் பின்வாலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தடித்த அட்டை அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது கவனக்குறைவான வேலை போலத் தெரியும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஒவ்வொரு உதைப்பிலும் இரும்பு வால் ஆப்பு போல மரத்தைப் பிளக்கும். பழைய துப்பாக்கிகளில் பின்வாலுக்குப் பின்னால் தெரியும் மயிரிழை விரிசல்களில் பல இப்படி வந்தவை.

ஜெர்மன் கார் 98கே ரைஃபிளுக்கு 1930களின் இறுதியில் வால்நட்டை விட்டுவிட்டு, மெல்லிய மர ஏடுகளைப் பசையிட்டு அழுத்திய கட்டையைப் போட்டார்கள். வரிவரியாகத் தெரியும்; கொஞ்சம் கனம். ஆனால் மழையில் முறுக்குவதில்லை. வால்நட்டை நேசிப்பவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது.

கைப்பிடியில் கீறும் கட்டக்கோடுகள் நெருக்கமாக இருந்தால் நல்லதா?

பார்க்க நல்லது, பிடிக்க அல்ல. செக்கரிங் என்ற இந்த வேலையில் அங்குலத்துக்கு 18 முதல் 22 கோடு இருந்தால் ஈரக்கையிலும் பிடி நழுவாது. 24 முதல் 28 வரை நுட்பமான கட்டைகளில் வரும். 32ஐத் தொட்டால் வைரக்கட்டங்கள் துணி நெசவு போலத் தெரியும். விரலுக்கு ஏறக்குறைய வழுவழுப்புதான். மென்மையான மரத்தில் நெருக்கமாகக் கீறினால் கட்ட முனைகள் பொடிந்துவிடும். அடர்ந்த மரம் கிடைத்தால் மட்டுமே நெருக்கம் சரிப்படும்.

துப்பாக்கியின் கருநீல நிறம் எப்படி வருகிறது? அது வெறும் அழகுக்கா?

அது பெயின்ட் அல்ல. எஃகின் மேற்பரப்பே கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிய மெல்லிய படலம். துருவும் ஆக்சைடுதான், ஆனால் சிவப்புத் துரு உதிரும், கறுப்பு ஆக்சைடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

பழைய முறையில் எண்ணெய்ப்பிசுக்கை முழுதும் நீக்கி, துருவேற்றும் திரவத்தை மெல்லத் தடவி, ஈரப்பதமான பெட்டியில் வைத்து, சீரான சிவப்புத் துரு வரவைப்பார்கள். பிறகு வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) கால்மணி நேரம் போலக் கொதிக்கவிட்டால் சிவப்பு கறுப்பாக மாறும். மேலே நிற்கும் தூளை மிக மெல்லிய கம்பித் தூரிகையால் தேய்த்தெடுப்பார்கள். இதையே ஐந்தாறு முறைக்குக் குறையாமல் திரும்பச் செய்தால்தான் ஆழம் வரும். பல நாள் வேலை. குழாய்நீரில் கொதிக்கவைத்தால் அதிலுள்ள உப்புகள் திட்டுத்திட்டாகப் படியும். இடையில் ஒரு விரல்ரேகை பட்டால் அந்த ரேகை அப்படியே நிறத்தில் பதியும்.

பின்னால் வந்தது சூடான உப்புக்குளியல். காரமும் நைட்ரேட்டும் கலந்த கரைசல் 140 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அரைமணியில் வேலை முடியும், பளபளப்பும் கூடுதல். இதில் இரண்டு பொருள்களை மறந்தும் போடக் கூடாது. ஒன்று, ஈயப்பற்றவைப்பில் சேர்த்த இரட்டைக்குழல் துப்பாக்கி: காரம் பற்றவைப்பை அரிக்கும், இடுக்கில் தங்கிய உப்பு மாதங்கள் கழித்தும் கசியும், குழல்களுக்கு நடுவே உள்ள பட்டி கழன்று வரும். இரண்டு, அலுமினிய உறுப்பு: அது கரைந்தே போகும். நல்ல இரட்டைக்குழல்களுக்கு இன்றும் பழைய துரு முறையையே கையாளுவதற்குக் காரணம் மரபுப்பற்றல்ல, இந்தப் பற்றவைப்புதான்.

நீலத்தின் பளபளப்பு நிறத்தில் இல்லை. அடியிலிருக்கும் மெருகில் இருக்கிறது. நிறம் மங்கியதென்று பஃபிங் சக்கரத்தில் கொடுத்துத் திரும்ப ஏற்றும்போதுதான் பெரிய சேதம் நடக்கிறது: கூர்விளிம்புகள் மழுங்கும், திருகுத்துளையின் ஓரம் கிண்ணம் போலக் குழியும், பொறித்த எழுத்து பாதி தேயும்.

துருவைத் தடுக்கும் சக்தி நீலப்படலத்துக்குக் குறைவு. தடுப்பது மேலே இருக்கும் எண்ணெய்தான். அந்த விஷயத்தில் ராணுவத்தின் பார்க்கரைசிங் மேல். பாஸ்பேட் படிகங்கள் படிந்த சாம்பல் நிறச் சொரசொரப்பு எண்ணெயைப் பஞ்சு போலப் பிடித்துவைக்கும். வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காது. கரடுமுரடான அந்தச் சாம்பல் நிறம் தன் வேலையை நீலத்தைவிட நன்றாகவே செய்கிறது.

சில துப்பாக்கிகளில் எண்ணெய்ப்படலம் போல நீலமும் பழுப்பும் சாம்பலும் கலந்து தெரிகிறதே?

கரிமம் குறைந்த மென்எஃகை எலும்புக்கரி, மரக்கரியோடு பெட்டியில் அடைத்து 700 டிகிரிக்கு மேல் சூடேற்றி, காற்றுக்குமிழி ஓடும் தண்ணீரில் சட்டென்று கொட்டும்போது வரும் நிறம். நோக்கம் நிறமல்ல, உள்ளே மென்மையும் மேலே கடினமும் வேண்டும், அவ்வளவுதான். கடினப்படலம் பல்லாண்டு நிற்கும். நிறம் மட்டும் கைபட்டும் வெயில்பட்டும் போய்விடும். குளிரும்போது உறுப்பு கோணாமலிருக்க உள்ளே இரும்புக்கட்டை அடைத்துப் போடுவார்கள். அடைக்காமல் போட்டால் குழலோடு மறுபடி பொருந்தாது.

டமாஸ்கஸ் குழல் என்பது நம் ஊர் உருக்குதானா?

பெயர்க்குழப்பம். தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிச் செய்து ஏற்றுமதியான எஃகை ஐரோப்பியர் "வூட்ஸ்" என்றார்கள்; கன்னட "உக்கு", தமிழ் "உருக்கு" ஆகியவற்றோடு உறவுள்ள சொல். ஈரோடு மாவட்டம் கொடுமணல் அகழாய்வில் அந்தத் தொழிலின் எச்சங்கள் கிடைத்துள்ளன. அந்த எஃகின் நீரோட்ட வரி, உள்ளே கரிமம் படிந்த விதத்தால் தானாகவே வருவது.

பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலிருந்து உலகெங்கும் போன டமாஸ்கஸ் குழல் வேறு. இரும்பும் எஃகும் மாறிமாறி அடுக்கிய கம்பிகளை முறுக்கி, பட்டையாக்கி, ஒரு தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, சூட்டில் அடித்தே ஒட்டவைப்பார்கள். கடைசியில் அமிலத்தில் கழுவினால் இரும்பும் எஃகும் வேறுவேறு அளவில் அரிக்கப்பட்டுப் பூவரி எழும். ஆக, அந்த வரி ஒவ்வொன்றும் ஓர் ஒட்டு. ஒட்டுக்குள் கசடு இருந்தால், நூறாண்டுத் துரு அந்த வழியே உள்ளே இறங்கியிருக்கும், வெளியே தெரியாது. மேலும் கறுப்பு மருந்தின் அழுத்தம் தொடக்கத்திலேயே உச்சம் தொட்டுச் சட்டென்று இறங்கும். புகையில்லா மருந்தின் அழுத்தம் குழலில் இன்னும் தள்ளியும் நீடிக்கும், அங்கே சுவர் மெல்லியது. இத்தகைய துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுடவே கூடாது.

செதுக்கு வேலைக்கு ஏதாவது பயன் உண்டா?

இயக்கத்துக்கு எதுவும் இல்லை. ஆனால் செதுக்குவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக வடிவமே மாறியதுண்டு. 1875இல் ஆன்சன், டீலி இருவரும் பதிவுசெய்த பெட்டிப்பூட்டு (இங்கே பூட்டு என்பது சுடும் இயக்கம்), குறைந்த உறுப்புகளில் உறுதியாக இயங்கியது. அதன் பக்கம் குட்டையானது, பூவேலைக்கு இடம் போதாது. அதனால் பல தயாரிப்பாளர்கள் இயக்கத்தைப் பக்கத் தகட்டில் பொருத்தும் பக்கப்பூட்டுத் துப்பாக்கி போலத் தெரிய வெறும் தகட்டை இருபுறமும் பதித்து அதன்மேல் செதுக்கினார்கள். தகட்டுக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது. அதைப் பதிக்கக் குடைந்த மரம்தான் வீண். எங்கள் கணிப்பில் இது அழகும் அல்ல.

நல்ல ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். திருகுகளின் தலைக்கோடுகள் எல்லாம் குழலின் போக்கிலேயே நேராக நிற்கும். ஒரு திருகு திரும்பி நின்றால் அது தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ திறந்திருக்கிறார்கள்.

வின்செஸ்டர் மாடல் 70இல் "1964க்கு முந்தையது" என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

1936இல் வந்த வேட்டை ரைஃபிள் அது. தோட்டா மேகசினிலிருந்து எழும்போதே அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் நீண்ட நகம், கையால் கீறிய கட்டக்கோடு, நுட்பமான பொருத்தம் எல்லாம் இருந்தன. 1964இல் செலவைக் குறைக்க நகத்தை எடுத்துவிட்டு, தோட்டாவை வெறுமனே தள்ளும் போல்ட்டை வைத்தார்கள். கட்டக்கோட்டைச் சூடான அச்சால் அழுத்தினார்கள். அழுத்திய கோட்டில் வைரமுனை எழாமல் குழிதான் விழும், பிடி கிடைக்காது.

வாங்குபவர்கள் கொதித்தார்கள். கட்டக்கோடு போனதை மட்டும் பொறுத்திருப்பார்கள். நகம் போனதுதான் பொறுக்கவில்லை: பதற்றத்தில் போல்ட்டைப் பாதியில் இழுத்துத் திரும்பத் தள்ளினால், நகம் இருந்தால் முதல் தோட்டா வெளியே வந்துவிடும், இல்லாவிட்டால் அது உள்ளேயே கிடக்க இரண்டாவது போய் முட்டும். காட்டுவிலங்கின் முன் நிற்பவருக்கு அது பெரிய வேறுபாடு. 1990களில் நகத்தை மறுபடி கொண்டுவந்தார்கள்.

கோல்ட் பைத்தான் போன்ற ரிவால்வர் இன்று ஏன் அதே முறையில் வருவதில்லை?

1955இல் வந்த பைத்தானின் உள்ளுறுப்புகளைக் கைத்தேர்ந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கல்லில் தேய்த்துப் பொருத்தினார்கள். விசை இழுத்து முடியும்போது சுழல்கூடு துளியும் ஆடாமல் இறுகி நிற்கும். அந்த இறுக்கமே தேய்மானத்துக்கும் காரணம்: சுழல்கூட்டைத் தள்ளிச் சுழற்றும் விரல் போன்ற உறுப்பு ஒவ்வொரு சுடுதலிலும் அழுத்தத்தைத் தாங்குவதால் தேய்ந்து, அறை குழலுக்கு நேராக வருவது பிந்தும். சரிசெய்யவும் அதே கைத்திறன் வேண்டும். 2020இல் திரும்ப வந்த பைத்தான் துருப்பிடிக்கா எஃகில், எளிமையாக்கிய உள்ளமைப்போடு வந்தது. குழல்மேல் உள்ள துளைப்பட்டி இரண்டிலும் உண்டு. ரிவால்வரில் அது பெரும்பாலும் தோற்றத்துக்கே.

பிளாஸ்டிக் துப்பாக்கிகளுக்கு அழகே கிடையாதா?

ரெமிங்டன் 1959இல் விட்ட நைலான் 66இன் கட்டை டுபான்ட் நைலான். மரம் போலத் தோன்றப் பழுப்பு நிறம் கொடுத்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக் 17 எதையும் போலப் பாவனை செய்யவில்லை. எஃகுத் தண்டவாளங்கள் பதித்த பாலிமர் உடல், நைட்ரஜன் ஊட்டிக் கடினமாக்கிய மேற்பரப்பு, செங்கல் போன்ற மேல்பகுதி. பிற்பாடு கைப்பிடியில் விரல்களுக்குப் பள்ளம் வைத்தார்கள். பார்க்கக் கைக்கென்றே வார்த்தது போல இருந்தது. ஆனால் எல்லார் விரலும் ஒரே தடிமனா? பொருந்தாதவர்களுக்கு மேட்டின் மேல் விரல் ஏறி நின்றது. 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் பள்ளங்களை எடுத்துவிட்டார்கள்.

ஜப்பானிய ராணுவ ரைஃபிளான அரிசாகாவின் கட்டையில் நீளமாக ஒரு பிளவு தெரிகிறது. உடைந்ததா?

இல்லை. பின்கட்டையின் அடிப்பகுதியைத் தனித்துண்டாகச் செய்து, மேல்துண்டோடு பொருத்திப் பசையிட்டிருப்பார்கள். குறுகிய மரத்திலிருந்தே கட்டை கிடைக்கும். ரேகையையும் தேவையான போக்கில் வைக்கலாம். அந்தக் கோட்டில் பசையை ஊற்றி "சரிசெய்து" விடாதீர்கள்.

திப்பு சுல்தானின் துப்பாக்கிகள், தஞ்சாவூர் துப்பாக்கிகள் அலங்காரத்துக்கு மட்டுமா?

ஸ்ரீரங்கப்பட்டணப் பட்டறையில் செய்தவற்றில் புலித்தலையும் புலிவரியும் எங்கும் இருக்கும். சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வும் சுத்தியலே புலி உருவம்: தாடை கல்லைப் பிடிக்கும், விசையிழுத்தால் பாயும். அலங்காரமும் உறுப்பும் ஒன்றாகவே ஆன வேலை.

எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து வந்தவை உள்ளன. எரியும் திரியால் மருந்தைப் பற்றவைக்கும் இந்தியத் திரித்துப்பாக்கியை எங்கே பார்த்தாலும் ஒல்லியான நேர்க்கட்டையைக் கவனியுங்கள். இயக்கம் முழுவதும் அந்த ஒல்லிக்குள், இரு பக்க இரும்புத் தகடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். குழலைக் கட்டையோடு சேர்ப்பது ஆணி அல்ல, சுற்றிக் கட்டிய கம்பியோ வாரோதான். அவிழ்ந்தால் எவரும் திரும்பக் கட்டலாம். கடினமான ஸ்பிரிங் தேவைப்படாததால் ஊர்க் கொல்லரே பழுது பார்த்தார். சக்கிமுக்கி வந்த பிறகும் திரி நீண்டகாலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையின் சிங்களத் துப்பாக்கிகளில் கட்டையின் பின்நுனி சுருண்டு வளைந்திருக்கும், பூட்டு இடப்பக்கம் இருக்கும். அந்தப் பூட்டில் போர்த்துக்கீசியத் தொடர்பு தெரியும்.

வீட்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கி இருக்கிறது. பளபளப்பாக்கலாமா?

முதலில் உரிமம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அது யார் பெயரில், செல்லுபடியாகும் நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லாவிட்டால் காவல் நிலையத்திலோ மாவட்ட நிர்வாகத்திலோ பேசுங்கள். உள்ளே தோட்டா இல்லை என்பதை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் உறுதிசெய்யும் வரை எதையும் தொடாதீர்கள். நூறாண்டாகக் கிடந்த துப்பாக்கியில்கூட மருந்து இருப்பதுண்டு.

பிறகு, பளபளப்பாக்காதீர்கள். பழுப்பேறிய மேற்பரப்பு அதன் வயதுக்குச் சான்று. உப்புத்தாளால் தேய்த்தால் எழுத்தும் முத்திரையும் மதிப்பும் சேர்ந்தே போகும். உயிருள்ள சிவப்புத் துருவுக்கு மட்டும் மெல்லிய எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, பருத்தித் துணியால் துடையுங்கள். போகாததை அப்படியே விடுங்கள். பித்தளை பாலீஷ் மரத்தில் பட்டால் வெள்ளைப்பொடி கீறலில் தங்கிப் போகவே போகாது.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் என்றால் துணியில் சில சொட்டு, உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்தெடுக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் உலராமல் பிசுபிசுக்கும், தூசி ஒட்டும். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம், விரித்துக் காயவிடுங்கள்.

இரும்புக்கு எண்ணெய் போட்டபின் துப்பாக்கியைக் கட்டை கீழாக நிறுத்தி வைப்பதுதான் எல்லா வீட்டிலும் நடக்கும் தவறு. எண்ணெய் மெல்ல இறங்கி, இரும்பு மரத்தில் உட்காரும் இடத்தில் ஊறும். ஆண்டுக்கணக்கில் ஊறிய மரம் கறுத்து, நகத்தால் கீறினாலே பெயரும் பதத்துக்கு வந்துவிடும். குழல்முனையை ஒரு துணியின் மேல் ஊன்றி, தலைகீழாக ஓரிரு நாள் சாய்த்து வையுங்கள். வழிவது துணியோடு போகட்டும். தோல் உறைக்குள் வைத்து மூடாதீர்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றும் சேர்ந்தால் ஒரு மழைக்காலத்திலேயே உறை தொட்ட இடமெல்லாம் துருப்பிடிக்கும்.